கடுகும் பூசணிக்காயும்: காலநிலைக்காக உள்ளாட்சிகள் எதை முதலில் செய்வது?

"காலநிலை மாற்றத்துக்காக உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்?" என்று எந்த உள்ளாட்சியில் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். மரக்கன்று நட்டோம். மஞ்சப்பை கொடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளை வைத்து விழிப்புணர்வுப் பேரணி நடத்தினோம். மூன்றுமே நல்ல காரியங்கள். ஆனால் "இதனால் எவ்வளவு குறைந்தது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எது குறைய வேண்டும் என்பதே பலருக்குத் தெளிவாக இல்லை. குப்பை, பிளாஸ்டிக், சோலார், மரம், மழைநீர் சேகரிப்பு, ஏரி தூர்வாருதல் எல்லாவற்றையும் "சுற்றுச்சூழல்" என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம்.

அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வார்டு உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். பெருக்கவும் கழிக்கவும் தெரிந்தால் போதும்.

வீட்டுச் செலவிலிருந்து தொடங்குவோம்

மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "இனிமேல் பேப்பர் வாங்க வேண்டாம்" என்று வீட்டில் ஒருவர் முடிவு செய்கிறார். மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். அதே வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கதவு சரியாக மூடாமல் ராப்பகலாக ஓடுகிறது. வண்டிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி போய்க்கொண்டே இருக்கிறது. பேப்பரை நிறுத்தியது தவறில்லை. ஆனால் பணம் போகும் வழி அது இல்லை.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். செலவு நோட்டு எழுதுகிற வீட்டில் இந்தத் தவறு நடக்காது, ஏனென்றால் எந்த வரி பெரியது என்று நோட்டே காட்டிவிடும். உள்ளாட்சிகளிடம் வரவு செலவு நோட்டு உண்டு. காலநிலைக்கான நோட்டு பெரும்பாலும் கிடையாது.

அந்த நோட்டில் எதை எழுதுவது? பூமியைச் சுற்றி ஒரு போர்வை போலப் படிந்து வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் வாயுக்களைப் பசுங்குடில் வாயுக்கள் என்கிறோம். நிலக்கரி, டீசல், பெட்ரோல் எரிவதால் வருவது கரியமில வாயு. குப்பைமேடு, சாக்கடை, நெல்வயல், மாட்டு வயிறு ஆகியவற்றிலிருந்து வருவது மீத்தேன். இப்படி வெளியே விடப்படும் வாயுவின் அளவுக்கு உமிழ்வு என்று பெயர். அதை டன் கணக்கில் எழுதுவார்கள். மீத்தேனையும் கரியமில வாயுவையும் ஒரே நோட்டில் எழுத வேண்டுமே என்பதற்காக, ஒரு டன் மீத்தேனை நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 80 டன்னையும் தாண்டும். இந்தப் பொது அளவைத்தான் கரியமிலச் சமானம் என்கிறார்கள். டாலரையும் ரூபாயையும் ஒரே கணக்கில் எழுத மாற்று விகிதம் வைத்துக்கொள்வது போலத்தான்.

குழாயை மூடுவது ஒன்று, அரிசியைக் காப்பது ஒன்று

அதிகமான குழப்பம் இந்த இடத்தில்தான். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு எங்கோ போய்விட்டோம். திரும்பி வந்தால் தரையெல்லாம் தண்ணீர். ஒருவர் ஓடிப்போய்க் குழாயை மூடுகிறார். இன்னொருவர் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைக்கிறார். இரண்டும் அவசரம்தான், ஆனால் ஒன்றைச் செய்வதால் மற்றது நடந்துவிடாது.

காலநிலையில் குழாயை மூடுவதற்குத் தணிப்பு என்று பெயர்: உமிழ்வைக் குறைப்பது. அரிசியைத் தூக்கி வைப்பது தகவமைப்பு: வந்துவிட்ட வெப்பத்திலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் மக்களைக் காப்பது. ஏரியைத் தூர்வாருவதும் மழைநீர் வடிகால் கட்டுவதும் தகவமைப்பு. தெருவிளக்கை எல்.இ.டி.க்கு மாற்றுவது தணிப்பு. மரம் நடுவதில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அதனால்தான் அதைப் பற்றிய பேச்சு எப்போதும் குழம்பிப் போகிறது. பிளாஸ்டிக் பையைத் தடுப்பதால் சாக்கடை அடைப்பு குறையும், மாடுகள் பிழைக்கும். அதற்காகவே செய்யலாம். அதனால் உமிழ்வு பெரிதாகக் குறைந்துவிடாது.

இதுவரை பார்த்தது: ஊருக்கு ஒரு உமிழ்வு நோட்டு வேண்டும். தணிப்பையும் தகவமைப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

நோட்டை எழுதும் முறை

பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் அடிப்படை ஒரே ஒரு பெருக்கல்: எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதை, ஒரு அலகுக்கு எவ்வளவு உமிழ்வு என்பதால் பெருக்க வேண்டும். அந்த இரண்டாவது எண்ணுக்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். இந்திய மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று கணக்கு. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதுதான் காரணம். ஊராட்சியின் ஒரு வருட மின் ரசீதுகளைக் கூட்டி 0.7ஆல் பெருக்கினால் நோட்டின் முதல் வரி தயார்.

பெரிய ஊர்கள் இதை முறையாகச் செய்திருக்கின்றன. சென்னை மாநகராட்சி 2023 ஜூனில் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதை, அதாவது வெளியே விடும் அளவையும் உறிஞ்சப்படும் அளவையும் சமமாக்குவதை, இலக்காக வைத்திருக்கிறது. அந்தத் திட்டத்தின் கணக்குப்படி நகரத்து உமிழ்வில் பத்தில் ஏழு பங்கு, கட்டடங்களிலும் தொழிற்கூடங்களிலும் பயன்படுத்தும் ஆற்றலிலிருந்து வருகிறது. மீதிதான் போக்குவரத்தும் கழிவும். "வண்டிப் புகைதான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். கேரளத்தின் வயநாட்டில் மீனங்காடி என்ற ஊராட்சி, உமிழ்வும் உறிஞ்சலும் சமமாக வேண்டும் என்ற திட்டத்தை 2016இல் எடுத்தபோது, முதலில் ஊரின் கணக்கைத்தான் எடுத்தது. பெரிய மாநகரம்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

நம் கையில் இருப்பது எது?

நோட்டில் பெரிய வரி எது என்று தெரிந்துவிட்டது. உடனே அதில் கை வைத்துவிட முடியுமா? முடியாது. அனல் மின்நிலையத்தை மூடச் சொல்லி ஒரு பேரூராட்சி தீர்மானம் போடலாம், ஆனால் அந்த அதிகாரம் அதற்கு இல்லை. அரசுப் பேருந்து ஓட்டுவது போக்குவரத்துக் கழகம். மின்சாரம் கொடுப்பது மின்வாரியம்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு நல்ல பிரிப்பு வைத்திருக்கிறார்கள். உள்ளாட்சி நான்கு விதமாக வேலை செய்கிறது என்பது அவர்கள் பார்வை. முதலாவது, தானே பயன்படுத்துவது: அலுவலகம், தெருவிளக்கு, மோட்டார். இரண்டாவது, சேவை கொடுப்பது: தண்ணீர், குப்பை. மூன்றாவது, விதி போடுவது: கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு. நான்காவது, எடுத்துச் சொல்வது: பிரசாரம், ஆலோசனை. முதல் வகையில் அதிகாரம் முழுதாக இருக்கிறது, ஆனால் ஊரின் மொத்த உமிழ்வில் அதன் பங்கு சிறியது. நான்காவது வகை எல்லா வீட்டையும் தொடும், ஆனால் பிடி ரொம்பத் தளர்வு. நம் ஊர்களில் பணமும் உழைப்பும் நான்காவதில்தான் அதிகம் போகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நடுவில் இருக்கும் இரண்டிலும் பலமும் அதிகம், வீச்சும் அதிகம்.

விதிக்கு எவ்வளவு பலம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இல் அரசு கட்டாயமாக்கியது. எத்தனை பேரணி நடத்தினாலும் அத்தனை வீடுகளில் குழாய் இறங்கியிருக்காது. அது மாநில அரசின் சட்டம், அதுவும் தகவமைப்பு வகை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். வரைபட அனுமதிக்கு வரும் ஒவ்வொரு புதிய கட்டடமும் ஐம்பது வருடம் நிற்கப் போகிறது. அதற்குக் காற்றோட்டம், வெயிலைத் தடுக்கும் கூரை, சோலாருக்கு இடம் எல்லாம் அன்றைக்கே இருந்தால் ஐம்பது வருடத்துக்கு மின்சாரம் மிச்சம். இல்லாவிட்டால் ஐம்பது வருடத்துக்கும் ஏ.சி.தான்.

ஒரு ஊர், நான்கு யோசனை

சரி, இப்போது கணக்குப் போட்டே பார்ப்போம். ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஊர்தான், எண்களெல்லாம் உத்தேசம்தான். மன்றக் கூட்டத்தில் நான்கு யோசனைகள் வருகின்றன.

முதல் யோசனை, ஆயிரம் மரக்கன்று. தண்ணீர் ஊற்றி, கூண்டு வைத்து வளர்த்து அறுநூறு பிழைத்தது என்போம். அதுவே நல்ல விகிதம். நன்றாக வளர்ந்த மரம் வருடத்துக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும். அறுநூறு மரத்துக்கு 12 டன். அதுவும் வளர்ந்த பிறகு.

இரண்டாவது, குடிநீர் மோட்டார்கள். மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றும் 10 குதிரைத்திறன் மோட்டார் இருபது இருக்கிறது. ஒவ்வொன்றும் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 22,000 யூனிட். அதை 0.7ஆல் பெருக்கினால் சுமார் 15,000 கிலோ, அதாவது 15 டன். இருபதுக்கும் சேர்த்து 300 டன். பல இடங்களில் இந்த மோட்டார்கள் எரிந்து எரிந்து, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கட்டி ஓடிக்கொண்டிருப்பவை. குழாய்களில் கசிவு வேறு. நல்ல மோட்டார் போட்டு, கசிவையும் அடைத்துக் கால்பங்கு குறைத்தால் 75 டன்.

மூன்றாவது, தெருவிளக்கு. ஆயிரம் பழைய சோடியம் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினால், விளக்குக்கு 150 வாட் மிச்சம் என்று வைப்போம். வருடத்தில் 4,000 மணி நேரம் எரிகிறது. மிச்சமாவது 6 லட்சம் யூனிட். அதை 0.7ஆல் பெருக்கினால் 420 டன்.

நான்காவது, மக்கும் குப்பை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் என்றால் ஊருக்கு 17.5 டன். அதில் பாதி மக்கும் குப்பை. எல்லா வீட்டிலும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பாதிதான் பிரிந்து வந்தது என்போம். தினம் 4.5 டன், வருடத்துக்கு 1,600 டன். குப்பைமேட்டில் போடப்படும் ஒரு டன் மக்கும் குப்பை, மேட்டின் ஆழத்தைப் பொறுத்து, சில வருடங்களில் அரை டன் முதல் ஒரு டன் வரை கரியமிலச் சமானத்தை மீத்தேனாக விடும். குறைந்த அளவையே எடுத்தாலும் 800 டன். உரமாக்கும்போதும் கொஞ்சம் வாயு வரும், அதற்கு 150 கழித்தால் 650 டன்.

12, 75, 420, 650. செய்தித்தாளில் படம் வரும் வரிசை எப்போதும் இந்த டன் அளவுக்குத் தலைகீழ். மரம் நடும் படம் வரும். குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் படம் வராது.

குப்பைமேட்டுக்குள் என்ன நடக்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளாட்சியின் கையில் முழுதாக இருப்பது இதுதான். அதிகம் புரிந்துகொள்ளப்படாததும் இதுதான்.

ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறது. நுண்ணுயிர்கள் மாவைத் தின்று வாயுவை விட்டதுதான் அந்தப் பொங்கல். குப்பையிலும் அதே நுண்ணுயிர் வேலைதான். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் காற்றுப் படும்படி கிளறி விடப்பட்டால், காற்று தேவைப்படும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று உரமாக்கும். அப்போது வருவது பெரும்பாலும் கரியமில வாயு. அது செடி சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்ததுதான், அதனால் நோட்டில் புதிய கடனாக ஏறாது. அதே தோலும் சோறும் பத்தடி ஆழத்தில் மற்றக் குப்பைக்கு அடியில் அமுங்கிப் போனால் காற்றே கிடையாது. அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவை விடுவது மீத்தேன். சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதும் இதுவே. கலனில் அந்த வாயுவைப் பிடித்து அடுப்பு எரிக்கிறோம். குப்பைமேட்டில் அது அப்படியே மேலே போகிறது, அல்லது தீப்பிடிக்கிறது. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் 2023 மார்ச்சில் பிடித்த தீயை அணைக்கச் சுமார் பன்னிரண்டு நாட்கள் ஆனது. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கிலும் இப்படி எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களிடம் காலநிலைப் பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை.

இதற்கு ஒரு ஊர் வழி காட்டியிருக்கிறது. ஆலப்புழை நகரத்துக் குப்பையெல்லாம் சர்வோதயபுரம் என்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்குள்ள மக்கள் போராடி வண்டிகளை நிறுத்தினார்கள். கொட்ட இடமில்லாத நிலையில், 2012இல் நகராட்சி எதிர்த்திசையில் போனது. குப்பையை ஓரிடத்தில் சேர்ப்பதற்குப் பதிலாக, உண்டாகும் இடத்திலேயே தீர்ப்பது என்று முடிவெடுத்தது. வீடுகளுக்குக் குழாய் உரக்கலனும் எரிவாயுக் கலனும், தெருக்களுக்குப் பொது உரத்தொட்டிகளும் வந்தன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டான நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. அவர்கள் காலநிலை என்று சொல்லித் தொடங்கவில்லை. நாற்றம் தாங்காமல் தொடங்கினார்கள். மீத்தேன் குறைந்தது அதனுடன் சேர்ந்து வந்த பலன்.

இதுவரை பார்த்தது: கணக்குப் போட்டால் வரிசை மாறுகிறது. உள்ளாட்சியின் அதிகாரத்தில் இருந்து, டன்னும் அதிகமாக இருப்பது மக்கும் குப்பை. அப்புறம் விளக்கும் மோட்டாரும்.

எப்படியும் நடந்திருக்குமா?

டன் கணக்கோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, நாம் செய்யாவிட்டாலும் இது நடந்திருக்குமா? உங்கள் ஊரில் எல்.இ.டி. ஏற்கெனவே அரசுத் திட்டத்தில் மாறிவிட்டது என்றால், அதையே காலநிலைத் திட்டம் என்று பெயர் மாற்றி எழுதுவதால் ஒரு கிலோகூடக் குறையாது. நம் முயற்சியால் மட்டும் குறைந்ததைக் கூடுதல் பலன் என்கிறார்கள். நோட்டில் ஏற வேண்டியது அது மட்டும்.

இன்னொன்று, ஒரு டன் குறைக்க எவ்வளவு ரூபாய்? நம் கற்பனை ஊரில் விளக்குக்கு 5,000 ரூபாய் என்றால் மொத்தம் 50 லட்சம். மிச்சமாகும் 6 லட்சம் யூனிட்டை எட்டு ரூபாயால் பெருக்கினால் வருடத்துக்கு 48 லட்சம். ஒரு வருடத்திலேயே போட்ட பணம் ஏறக்குறைய திரும்பிவிடுகிறது. இந்த மாதிரி வேலைக்குப் பணமில்லை என்று சொல்லவே முடியாது. கடன் வாங்கியும் செய்யலாம். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகே இருக்கும் ஓடந்துறை ஊராட்சி அப்படித்தான் செய்தது. 2006இல் வங்கிக் கடன் பெற்று, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. குப்பைக் கணக்கு வேறு மாதிரி. அதில் மாதாமாதம் சம்பளம் உண்டு. அதனால் முதலீட்டை மட்டும் பார்த்து ஒரு உர மையத்தைத் திறந்துவிட்டு, ஆள் போடாமல் விட்டால் அது இன்னொரு குப்பைமேடு ஆகிவிடும்.

மழைநீர் சேகரிப்பிலும் இதுதான் நடந்தது. குழாய் எல்லா வீட்டிலும் இறங்கியது. மணலும் கூழாங்கல்லும் போட்ட தொட்டியைச் சில வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தோடு, பத்து வருடப் பராமரிப்புக்கும் ஒரு வரி எழுதாத திட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

அப்படியென்றால் மரம் வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் அதை அளக்கும் கோல் வேறு. 12 டன் என்று மரத்தைத் தணிப்புக் கோலால் அளந்து "பலனில்லை" என்று சொல்வது அநியாயம். மே மாதத்து மதியம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு புங்கமர நிழல் என்ன செய்கிறது என்பதை டன்னில் சொல்ல முடியாது. தகவமைப்பை அளக்கக் கேட்க வேண்டியது: எத்தனை பேருக்கு, எந்த ஆபத்து, எவ்வளவு குறைந்தது? அப்போது மரம் நடும் இடமே மாறிவிடும். ஊருக்கு வெளியே காலி நிலத்தில் ஐந்தாயிரம் கன்று நடுவதைவிட, சந்தை, பள்ளி, மருத்துவமனை வாசல், கூரை வீடுகள் நெருங்கிய தெரு ஆகிய இடங்களில் ஐம்பது மரத்தைக் காப்பாற்றி வளர்ப்பது மேல். ஏரிக்கரையில் பனை நட்டால் கரை நிற்கும்.

அகமதாபாத் மாநகராட்சியின் அனுபவம் இதில் பெரிய வெளிச்சம். 2010 மே மாத வெப்ப அலையில் அங்கே நிறையப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் அந்த மாநகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். முன்னெச்சரிக்கை அறிவிப்பு, மருத்துவமனைகளைத் தயார் செய்வது, குடிநீர்ப் பந்தல், தகரக் கூரை வீடுகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு என்று எல்லாமே எளிய வேலைகள். உமிழ்வு இதனால் பெரிதாகக் குறையவில்லை. உயிர்கள் பிழைத்தன.

எங்கிருந்து தொடங்குவது?

கிராமத்தில் என்றால் கிராமசபை, நகரத்தில் என்றால் பகுதி சபை. போகும்போது மூன்று தாள்களைக் கேளுங்கள். கடந்த பன்னிரண்டு மாத மின் ரசீதுகள், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக. தினம் எத்தனை டன் குப்பை வருகிறது, அதில் எவ்வளவு உரமாகிறது, எவ்வளவு மேட்டுக்குப் போகிறது என்ற பதிவேடு. கடந்த வருடம் அனுமதி கொடுத்த கட்டடங்களின் பட்டியல். இவை ரகசியமில்லை, அலுவலகத்தில் இருக்க வேண்டியவை.

குப்பைப் பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே எண் இருந்தால், யாரும் எடை போடவில்லை என்று அர்த்தம். அந்த ஊரில் முதல் தீர்மானம் ஒரு எடைமேடைக்காக இருக்கட்டும்.